சொந்த வீடு என்றால் தொட்டியும் சொந்தம்



வீடு பார்க்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். சாமி மேடைக்கு இடம் உண்டா என்று பார்ப்பார்கள். வீட்டுத் தலைவி குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்ப்பார். தலைவர் கூரையை அண்ணாந்து பார்ப்பார். பிள்ளைகளோ எந்த அறை யாருக்கு என்று அதற்குள் சண்டை போட்டு முடித்திருப்பார்கள். ஆனால் வீட்டின் பின்புறம் போய், "மலத்தொட்டி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது கசடு எடுத்தீர்கள்?" என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதுவே அதிசயம்.

இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று, வெட்கமும்தான். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து லயங்களுக்குப் பின்னால் வாளிக் கக்கூசு இருந்தது. பொழுது விடியுமுன் ஒருவர் வந்து வாளியை எடுத்துப் போவார். எல்லாருடைய அசுத்தத்தையும் சுமந்த அந்த மனிதரைத் தள்ளி நிற்கச் சொன்னவர்களும் நாம்தான். வாளி ஒழிந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசுவதே அசிங்கம் என்ற கூச்சம் மட்டும் இன்னும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கூச்சத்திற்கு நாம் கொடுக்கும் விலை சில சமயம் ஆயிரக்கணக்கான வெள்ளி. சில சமயம் உயிர். ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே பேசிவிடுவோம்.

தோட்டத்தில் இருந்தவரை இந்தக் கவலை நமக்கு இல்லை. குழாய் அடைத்தால் ஆபீசில் போய்ச் சொன்னால் போதும். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பொறுப்பை முதலாளியின் மேல்தான் வைக்கிறது. ஆனால் வேலை ஓய்வு பெற்று, சேமநிதிப் பணத்தை எடுத்து, பட்டணத்து ஓரத்திலோ கம்பத்திலோ ஒரு பழைய வீட்டை வாங்கியவுடன் நிலைமை மாறிவிடுகிறது. போய்ச் சொல்ல ஆபீசு இல்லை. மண்ணுக்குக் கீழே இருப்பதற்கும் நாமே முதலாளி.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் அது செல்லும். அதன்படி வீட்டு மலத்தொட்டியைப் பராமரித்துக் கசடு எடுக்க வேண்டியவர் அந்த இடத்தின் உரிமையாளர். பொதுக் கழிவுநீர்க் குழாய் போடப்பட்ட வீடமைப்புப் பகுதி என்றால் உங்கள் வளவில் தொட்டி இராது. கட்டணம் கட்டினால் போதும். பழைய வீடமைப்புப் பகுதிகளிலும், கம்பங்களிலும், தனி லோட்டு வீடுகளிலும் பெரும்பாலும் தொட்டிதான். நீங்கள் பார்க்கும் வீடு இதில் எந்த வகை என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தொட்டிக்குள் நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் பிற எல்லாம் எளிதில் விளங்கும். 1881இல் பிரான்சு நாட்டு மூரா என்பவர் இப்படிப்பட்ட தொட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரத்து டோனல்ட் கேமரன் 1895இல் அதைச் செம்மைப்படுத்தி, அழுகலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'செப்டிக்' என்று பெயரிட்டார். கழிவறையிலிருந்து வருவது தொட்டியில் தங்கும்போது மூன்றாகப் பிரிகிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெயும் இலேசானதும் மேலே ஆடையாக மிதக்கிறது. நடுவில் உள்ள கலங்கல் நீர் மறுபக்கக் குழாய் வழியாக வெளியேறி, மண்ணில் ஊறும் குழிக்கோ கால்வாய்க்கோ போகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசட்டை ஓரளவு தின்று குறைக்கின்றன. ஆனால் முழுவதையும் அவை தின்றுவிடுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கசடு ஏறிக்கொண்டே வரும். கசடும் ஆடையும் சேர்ந்து தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் கசடே வெளிக்குழாயில் புகுந்து ஊறுகுழியின் மண் துவாரங்களை அடைத்துவிடும். தொட்டியைக் காலி செய்வது ஒரு நாள் வேலை. அடைத்துப்போன மண்ணை ஒரு நாளில் திருத்த முடியாது.

இண்டா வாட்டர் நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்கச் சொல்வது இதனால்தான். நம் நாட்டில் ஒரு வீட்டுக்கு ஐந்து பேர் என்று கணக்கிட்டுத்தான் பொதுவாகத் தொட்டி கட்டுவார்கள். உங்கள் வீட்டில் ஒன்பது பேர் இருந்தால் இரண்டு ஆண்டுகூடத் தாங்காது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். கணவன் மனைவி இருவரும் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். சேமநிதிப் பணத்தில் சிறு பட்டணம் ஒன்றின் ஓரத்தில் பழைய வீடு வாங்கினார்கள். புதிதாக நீட்டிக் கட்டிய பெரிய குசினி, பளபளக்கும் தரை ஓடு. அந்தக் குசினியைப் பார்த்துத்தான் அந்த அம்மாவுக்கு வீடு பிடித்துப் போயிற்று. முதல் தீபாவளிக்குப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பதினான்கு பேர் கூடினார்கள். விடாத மழை வேறு. இரண்டாம் நாள் கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை. மாலைக்குள் பீங்கானிலிருந்து மேலே ஏறி வந்தது. பண்டிகை முடிந்து கசடு எடுக்கும் லோரி வந்தது. தொழிலாளி வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, தொட்டி உங்க அடுப்புக்குக் கீழே இருக்குது" என்றார்.

விற்றவர் குசினியை நீட்டும்போது தொட்டி மூடியின் மேலேயே தரை போட்டு ஓடு பதித்திருக்கிறார். எத்தனை ஆண்டாகக் கசடு எடுக்கவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. தரையை உடைத்துத் திறந்தால் தொட்டிச் சுவரும் வெடித்திருந்தது. வேறு இடத்தில் புதுத் தொட்டி இறக்கி, குழாயை மாற்றி, குசினித் தரையை மறுபடி போட்டு முடிக்கையில், இளைய மகளின் திருமணத்திற்கென ஒதுக்கி வைத்திருந்த பணம் போய்விட்டது. திருமணம் ஓராண்டு தள்ளிப் போயிற்று. முன்பணம் கொடுக்குமுன் கேட்டிருந்தால் விலையில் குறைத்திருக்கலாம், அல்லது வேறு வீடு பார்த்திருக்கலாம்.

இனி, வாங்குமுன் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். "பின்னால் எங்கேயோ இருக்கிறது" என்ற பதிலை ஏற்காதீர்கள். மூடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்டிக்கு இரண்டு அறை என்றால் இரண்டையும் திறக்க வழி இருக்க வேண்டும். மூடியின் மேல் குசினியோ, கார் கொட்டகையோ, கோழிக் கூண்டோ இருக்கலாகாது. லோரி எதுவரை வர முடியும், அங்கிருந்து குழாய் எட்டுமா என்பதையும் பாருங்கள். மூடி தெரியாத வீட்டில் கட்டட வரைபடத்தைக் கேளுங்கள். நகராண்மைக் கழகத்திலோ மாவட்ட மன்றத்திலோ அது இருக்கக் கூடும்.

இரண்டாவது, அது உண்மையில் செப்டிக் தொட்டிதானா என்று விசாரியுங்கள். கம்பத்து வீடுகள் சிலவற்றில் சிமெண்டு வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாக இறக்கிய குழிதான் இருக்கும். அடித்தளம் இராது. அதையும் 'டாங்கி' என்றுதான் சொல்வார்கள். அது வெறும் குழி; உள்ளே போவது நேரே மண்ணுக்குள் போகிறது. பக்கத்தில் கிணறு இருந்தால் இந்த வேறுபாடு மிக முக்கியம்.

மூன்றாவது, இரசீதைக் கேளுங்கள். கடைசியாகக் கசடு எடுத்த தேதி, எடுத்தவர் யார் என்பது அதில் இருக்கும். "இருபது வருஷமாக ஒரு தொல்லையும் இல்லை, ஒரு தடவைகூட எடுத்ததில்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கேயோ வெடிப்பு வழியாக ஒழுகினாலொழிய ஒரு தொட்டி இருபது ஆண்டு நிரம்பாமல் இராது.

நான்காவது, திறந்து பார்க்க ஆளை அழையுங்கள். இண்டா வாட்டரையோ, ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அனுமதி பெற்ற குத்தகையாளரையோ கூப்பிடுங்கள். சில நூறு வெள்ளி செலவாகலாம். வீட்டு விலைக்கு முன் அது பெரிய தொகை அன்று. நீங்கள் தள்ளி நின்று மூன்று விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது? வெளிக்குழாயின் அடி விளிம்புக்குச் சமமாக நின்றால் நல்லது. அதற்குக் கீழே இருந்தால் தொட்டி ஒழுகுகிறது என்று பொருள். மேலே இருந்தால் வெளிவழி அடைத்திருக்கிறது. அடுத்து, கசடு எவ்வளவு? நீண்ட கோலின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்து மெதுவாகத் தூக்கினால், கறுத்த உயரமே கசட்டின் உயரம். கடைசியாக, உள்குழாய், வெளிக்குழாய் வளைவுகளும், நடுச் சுவரும், மூடியும் உடையாமல் இருக்கின்றனவா? அன்றே கசடு எடுக்கிறார்கள் என்றால் இன்னொன்றும் கவனிக்கச் சொல்லுங்கள். உறிஞ்சும்போது ஊறுகுழிப் பக்கத்திலிருந்து தண்ணீர் திரும்பித் தொட்டிக்குள் ஓடி வந்தால், மண் இனி குடிக்க முடியாமல் நிரம்பிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஐந்தாவது, தண்ணீரை ஓட்டிப் பாருங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுத் தொட்டி நோயில்லாததுபோல நடிக்கும். ஆறு மாதம் யாரும் பயன்படுத்தாததால் மண் காய்ந்து, எல்லாம் சீராக இருப்பதாகத் தோன்றும். குடும்பம் குடியேறிய பத்தாம் நாள்தான் குணம் தெரியும். ஆகவே எல்லாக் கழிவறைகளிலும் பலமுறை தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பொறுத்திருங்கள். களகளவென்று சத்தம், மெதுவாக இறங்குதல், பின்புறத்தில் நாற்றம் இவற்றைக் கவனியுங்கள். புல் ஓரிடத்தில் மட்டும் செழித்து, கால் வைத்தால் சொதசொதவென்று இருந்தால் அங்கேதான் கசிகிறது. முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள் ஒருமுறை போய்ப் பாருங்கள். நம் பழைய வீடுகளில் பெரும்பாலும் கழிவறைத் தண்ணீர் மட்டுமே தொட்டிக்குப் போகும். குளியல், துணி துவைக்கும் தண்ணீர் கால்வாய்க்குப் போகும். இடையில் யாராவது அதையும் தொட்டியோடு இணைத்திருந்தால் தொட்டி தாங்காது.

ஆறாவது, பேசியதை எழுத்தில் வாங்குங்கள். பழுது இருந்தால் செலவு யாருடையது என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வழக்கறிஞரிடம் சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள். கையெழுத்திட்ட பிறகு பேசுவது, வெள்ளம் வந்த பின் அணை போடுவது போலத்தான்.

கிணறு உள்ள வீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1854இல் இலண்டன் மாநகரின் பிராட் தெருவில் வாந்திபேதி பரவி அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஒரு பொதுக் குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ கண்டறிந்தார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு மலக்குழி ஒன்று வெடித்து, சுமார் மூன்றடி தூரத்திலிருந்த அந்தக் கிணற்றுக்குள் கசிந்திருந்தது தெரிய வந்தது. அந்தத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அன்று. மலத்தொட்டி கிணற்றிலிருந்து 15 மீட்டராவது, ஊறுகுழி 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள பொது விதி. கிணறு மேட்டிலும் தொட்டி பள்ளத்திலும் இருப்பது நல்லது. உங்கள் தொட்டி தூரமாக இருந்து, அண்டை வீட்டுக்காரர் தொட்டி வேலியோரம் இருந்தாலும் பயனில்லை. வேலிக்கு அப்பாலும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள். அடிக்கடி வயிற்றுப்போக்கு என்று பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளில் மருந்துக்கு முன் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானது. தொட்டியைத் திறந்து பாருங்கள் என்றேனே தவிர, இறங்கிப் பாருங்கள் என்று சொல்லவில்லை. ஒருபோதும் இறங்காதீர்கள். தலையைக் குனிந்து உள்ளே நீட்டவும் கூடாது. தொட்டிக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குகிறவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் தம்பி விழுவான். தம்பியைத் தூக்க இறங்கும் மகனும் விழுவான். உலகெங்கும் இப்படி ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் மாண்டிருக்கிறார்கள். யாராவது விழுந்துவிட்டால் உடனே 999க்கு அழைத்துத் தீயணைப்புப் படையை வரச் சொல்லுங்கள். சுவாசக் கருவி இல்லாமல் யாரையும் இறங்க விடாதீர்கள். மீத்தேன் வாயுவும் உள்ளே இருப்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம். உடைந்த மூடியைப் பலகை போட்டு மறைத்து வைப்பது, ஓடி விளையாடும் பிள்ளைகளுக்குக் குழி தோண்டி வைப்பதற்குச் சமம். அதே வெடிப்பு வழியாகக் கொசுவும் போய் முட்டையிடும். டிங்கிக் கொசுகூட இப்படிப்பட்ட தொட்டிகளில் பெருகுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காற்றுக் குழாயின் வாயில் சிறு வலை கட்டிவிடுங்கள்.

ஏற்கெனவே தொட்டி உள்ள வீட்டில் இருப்பவர்களுக்குச் சில சொற்கள். பொரித்த எண்ணெயைக் கழிவறையில் கொட்டாதீர்கள். குழந்தையின் டயாப்பர், ஈரத்தாள், மாதவிலக்குத் துணி எதையும் போடாதீர்கள். பிளீச்சிங் மருந்தை அளவுக்கு மீறி ஊற்றினால் உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் சாகும். அந்த நுண்ணுயிர்களை வளர்க்க என்று விற்கும் பொடிகளும் தேவையில்லை. நம் உடலிலிருந்தே போதுமானவை போகின்றன. எந்தப் பொடியும் லோரி செய்யும் வேலையைச் செய்யாது. கண்ணாடி இழைத் தொட்டி வைத்திருப்பவர்கள் நிலத்தடி நீர் ஏறியிருக்கும் வெள்ள நேரத்தில் அதைக் காலி செய்யக் கூடாது. காலித் தொட்டி மிதந்து மேலே எழும்பிவிடும். கசடு எடுத்த இரசீதை வீட்டுக் கிராண்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். நாளை நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் கேட்டால் நிமிர்ந்து காட்டலாம்.

லோரியில் வரும் தொழிலாளிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். தொட்டி எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். நம் வீட்டைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். அன்று வாளி சுமந்தவரிடம் நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று இவரிடமாவது பேசுவோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டின் பின்புறம் போய் மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக எப்போது கசடு எடுத்தது என்று நினைவு கூர்ந்து, காலண்டரில் அடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். நினைவே வரவில்லை என்றால், மறுநாள் காலையில் தொலைபேசியை எடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.